மென்பொருளோடு வரும் பிளகின் போதாதா?

வணக்கம் நேயர்களே.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் படுக்கையறையின் ஒரு மூலையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டவர்கள் இன்று பலர். ஒரு லெப்டொப், ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கொண்டென்சர் மைக், ஒரு ஹெட்போன். இவ்வளவோடு பக்திப் பாடலும் குறும்பட இசையும் தயாராகிவிடுகின்றன. இவர்களிடம் ஓயாமல் எழும் கேள்வி: ரீப்பர், கியூபேஸ், லொஜிக் போன்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு கூடவே வரும் பிளகின்கள், அதாவது ஒலியைத் திருத்தும் சிறு துணைக் கருவிகள், போதுமா, வெளி நிறுவனங்களிடம் தனியாக வாங்க வேண்டுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது), கொம்பிரசர் (சத்த ஏற்றத்தாழ்வை அடக்குவது), கேட் (மெல்லிய இரைச்சலை அடைப்பது), டிலே (எதிரொலி சேர்ப்பது), லிமிட்டர் (உச்சச் சத்தத்துக்கு எல்லை போடுவது) ஆகிய அன்றாட வேலைகளுக்கு மென்பொருளோடு வருவதே தாராளமாகப் போதும். காசு செலவழிக்க வேண்டிய இடங்களும் உண்டு. அவை பெரும்பாலும் நாம் முதலில் செலவழிக்கும் இடங்கள் அல்ல.

ஈக்யூவை எடுத்துக்கொள்வோம். டிஜிட்டல் ஈக்யூ என்பது கணக்கு. ஒரே அலைவரிசையை, ஒரே அகலத்தில், ஒரே அளவு கூட்டினால் இலவசமானதும் இருநூறு டொலர்க்காரனும் ஒரே விடையைத்தான் தரும். நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ரீப்பரில் ஒரு குரல் பதிவை இரண்டு ட்ராக்குகளில் பிரதி எடுங்கள். முதலாவதில் ரீப்பரோடு வரும் ரீஈக்யூ, இரண்டாவதில் நீங்கள் வாங்க நினைக்கும் ஈக்யூவின் சோதனைப் பதிப்பு. இரண்டிலும் 1000 ஹேர்ட்ஸில் 4 டெசிபல் கூட்டுங்கள். ரீஈக்யூ அகலத்தை ஒக்டேவில் (ஸ்தாயியில்) காட்டும், மற்றவை பெரும்பாலும் கியூ எண்ணில் (எண் கூடினால் அகலம் குறையும்) காட்டும். ஒரு ஒக்டேவ் என்பது கியூ 1.41. இனி இரண்டாவது ட்ராக்கில் துருவத்தைத் திருப்பும் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். ஒன்றை ஒன்று கழித்து, காதுக்கு எதுவும் எட்டாது, அல்லது மிக மெல்லிய எச்சம் மட்டும் மிஞ்சும். கியூவைக் கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும் என்பதால் எச்சம் கேட்டால் அகலத்தைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். 12 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கூட்டும்போதும், பழைய அனலொக் கருவியைப் போலச் செய்து சற்றே சிதைவைச் சேர்க்கும் பிளகின்களிலும் வித்தியாசம் உண்மையாகவே இருக்கும். அந்தச் சிதைவு வேண்டும் என்று தெரிந்து வாங்குவது வேறு.

அப்படியானால் வாங்கிய பிளகினைப் போட்டதும் பாட்டு உயிர்பெறுவது போல ஏன் கேட்கிறது? பெரும்பாலும் அது சத்தத்தைச் சற்றுக் கூட்டிவிடுகிறது. ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதைச் ‘சத்தமானது’ என்று சொல்லாது, ‘நல்லது’ என்று சொல்லிவிடும். ஆகவே ஒப்பிடும்போது லஃப்ஸ் மீட்டரை (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளப்பது) பார்த்து இரண்டையும் சம அளவுக்குக் கொண்டுவாருங்கள். ரீப்பரிலும் லொஜிக்கிலும் அந்த மீட்டர் கூடவே வருகிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். வாங்கும் ஆசை பாதி அங்கேயே அடங்கிவிடும்.

பிளகினைவிடப் பெரிய விஷயம் அதில் வைக்கும் எண்கள். வெளிநாட்டுப் பாட்டுக்காக முன்கூட்டியே எண்கள் வைத்து அமைத்த பிரீசெட்டை நம் குரலில் அப்படியே போட்டால் அது கைகொடுக்காது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ். அவர் மந்தர பஞ்சமத்தில் (கீழ்ஸ்தாயிப் ‘ப’) இறங்கி நின்றால் 98. அங்கே 150 ஹேர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி) வைத்தால் கீழ்ஸ்தாயியில் குரல் மெலிந்து காகிதம் போலாகும். 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு மந்தர பஞ்சமம் 147 ஹேர்ட்ஸ் என்பதால் 110 வரை ஏற்றலாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் இரைச்சல் 100இலும் 150இலும் மறுபடி தலைகாட்டும். அவற்றை மிக ஒடுக்கமான வெட்டாக எடுக்க வேண்டும். அகலமாக வெட்டினால் ஆண் குரலின் சட்ஜமும் கூடவே போய்விடும்.

மிருதங்கத்துக்குக் கொம்பிரசர் போடுபவர்கள் செய்யும் தவறு, அட்டாக்கை, அதாவது சத்தம் ஏறியதும் அது அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரத்தை, ஒன்று இரண்டு மில்லிசெக்கனில் வைப்பது. விரல் தோலில் விழும் அந்த முதல் அடி நசுங்கி, எல்லாச் சொல்லும் (மிருதங்க அடியும்) ஒரே மாதிரி மொத்தையாகக் கேட்கும். 20 முதல் 30 மில்லிசெக்கன் விடுங்கள். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில், அடிக்கு நான்கு சொல் விழுந்தால் இரண்டு சொல்லுக்கு இடையே 150 மில்லிசெக்கன்தான் இருக்கிறது. ரிலீஸை (அழுத்தத்தை விட எடுக்கும் நேரத்தை) 400இல் வைத்தால் கொம்பிரசர் மூச்சு விடுவதற்குள் அடுத்த சொல் விழுந்துவிடும். 100, 120 போதும். மீட்டரில் மூன்று நான்கு டெசிபலுக்கு மேல் குறையாதபடி திரெஷோல்டை (கொம்பிரசர் வேலை தொடங்கும் சத்த அளவை) வையுங்கள். இதற்கு ரீப்பரின் ரீகொம்ப் கொம்பிரசரே போதும்.

மின்விசிறி இரைச்சலுக்கும் ரீப்பரில் கூடவே ரீஃபிர் என்ற இரைச்சல் கழிக்கும் பிளகின் இருக்கிறது. கொழும்பு வெயிலில் விசிறியை நிறுத்தினால் பாடகர் வெந்துபோவார் என்பதால் இது நமக்கு முக்கியம். பாட்டுத் தொடங்குமுன் இரண்டு செக்கன் வெறும் அறைச் சத்தத்தைப் பதிந்து வையுங்கள். ரீஃபிரைச் சப்ட்ராக்ட் முறைக்கு மாற்றி, இரைச்சலைத் தானாகக் கற்கும் பெட்டியில் சரி அடையாளம் இட்டு, அந்த இரண்டு செக்கனை மட்டும் ஓடவிட்டு, அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் அது குரலையும் இரைச்சல் என்றே கற்று, பாட்டை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அளவுக்கு மீறிக் கழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். இன்னொன்று: 4096 மாதிரி (சாம்பிள்) அளவில் வைத்த ரீஃபிர், 48 கிலோஹேர்ட்ஸ் பதிவில் ஏறத்தாழ 85 மில்லிசெக்கன் தாமதம் சேர்க்கும். அதை மாட்டிக்கொண்டு ஹெட்போனில் கேட்டபடி பாடினால் தாளம் தடுமாறும். பதிவு முடிந்த பிறகு போடுங்கள்.

ஆனால் பாட்டின் நடுவில் கரையோர ரயில் ஒரு ஹோர்ன் அடித்துவிட்டால் ரீஃபிரால் முடியாது. அது நிலையான இரைச்சலைத்தான் கழிக்கும். அத்தகைய இடத்தில் ஐசோடோப் ஆர்எக்ஸ் போன்ற, ஒலியைப் படமாக விரித்து ஹோர்ன் விழுந்த கோடுகளை மட்டும் அழிக்க விடும் கருவி காசுக்குப் பெறுமதியானது. பாடகர் இன்னும் பக்கத்தில் இருந்தால், ரயில் போனபின் அந்த வரியை மீண்டும் பாடச் சொல்வது அதைவிட மேல்.

சுருதி திருத்தம் அடுத்தது. தானாகத் திருத்தும் பிளகின் எதுவானாலும், கூட வந்ததோ வாங்கியதோ, வேகத்தைக் கூட்டி வைத்தால் கமகத்தை (சுரத்தின் அசைவை) படிக்கட்டாக வெட்டிவிடும். ஜாரு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) ஏறும் வழியெல்லாம் அரைச்சுரம் அரைச்சுரமாகத் தாவும். அதைக் கர்நாடக இசையிலும் மெல்லிசையிலும் நான் ஏற்கவே மாட்டேன். ஒவ்வொரு சுரமாகக் கையால் திருத்துவதே வழி. சுரத்தின் நடுநிலையை மட்டும் சில சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) நகர்த்தி, மேலே ஆடும் அசைவைத் தொடாமல் விட வேண்டும். லொஜிக் வைத்திருப்பவர்களுக்கு 2013 முதல் இதற்கான ஃபிளெக்ஸ் பிட்ச் கூடவே வருகிறது. ரீப்பர்காரர்களுக்கு இதே வேலையைச் செய்யும் மெலடைன் வாங்குவது நியாயம். அதிலும் மலிவான எசென்ஷியல் பதிப்பில், அசைவையும் நழுவலையும் தனித்தனியே கையாளும் கருவிகள் இல்லை. அசிஸ்டன்ட் பதிப்பில்தான் உண்டு. நமக்கு வேண்டியதே அவைதான்.

நம் வாத்தியங்களும் அப்படித்தான். வீணை, நாதஸ்வரம், தவில் எல்லாம் மென்பொருளோடு வரும் வாத்திய ஒலி நூலகங்களில் முறையாகக் கிடைப்பதில்லை. வெளியில் வாங்கலாம், ஆனால் வாங்குமுன் அது இலவசக் கொண்டாக்ட் பிளேயரில் (இத்தகைய நூலகங்களை வாசிக்கும் மென்பொருள்) ஓடுமா, முழுக் கொண்டாக்ட் வேண்டுமா என்று பாருங்கள். முழுப் பதிப்புக் கேட்கும் நூலகம் பிளேயரில் 15 நிமிடத்தில் நின்றுவிடும். வீணைக்கு, காசு இருந்தால், ஒரு வைணிகரை அழைத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்வதையே நான் விரும்புவேன்.

ரிவேர்புக்கு (இடத்தின் எதிரொலியைச் சேர்ப்பதற்கு) வாங்க அவசரப்பட வேண்டாம். ரீப்பரின் ரீவெர்ப், லொஜிக்கின் ஸ்பேஸ் டிசைனர் இரண்டும் ஓர் இடத்தின் எதிரொலிக் கோப்பை ஏற்றிக்கொள்பவை. அனுமதி பெற்று, ஆளில்லாத ஒரு மண்டபத்தில் பலூன் ஒன்றை வெடிக்க வைத்து, கடைசி ஒலி அடங்கும்வரை பதிந்தால் அந்த மண்டபமே உங்கள் ரிவேர்ப்.

2022இல் ரூபாய் சரிந்த பிறகு மாதச் சந்தாவில் டொலர் கட்டுவது பலருக்குச் சுமை. சந்தா நின்றால் பிளகினும் நிற்கும், அதைப் பாவித்த பழைய பாட்டும் திறக்கும்போது ஊமையாகும். ‘க்ராக்’ செய்த திருட்டுப் பிரதிகள் இதைவிட மோசம். புதுப்பிக்க முடியாது, வைரஸ் ஒட்டிவரும், கெடு நாளில் மென்பொருளையே விழுத்தும். ரீப்பரின் தள்ளுபடி உரிமம் 60 டொலர்தான். வாங்குவதானால் பிளகினின் வடிவத்தையும் பாருங்கள், அது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்: லொஜிக்குக்கு ஏயூ, புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ், கியூபேஸுக்கு விஎஸ்டி. பழைய 32 பிட் பிளகின்களை கியூபேஸ் 2016இலேயே கைவிட்டுவிட்டது.

வெளியார் பிளகின் ஒன்றையாவது பாவிப்பவர்கள் பாட்டு முடிந்த அன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு ட்ராக்கையும் பிளகினோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை, 24 பிட் வேவ் கோப்பாக எழுதி எடுங்கள். பாடகர் எங்கே தொடங்கினாலும் எல்லாக் கோப்பும் பாட்டின் முதல் புள்ளியிலிருந்தே தொடங்கட்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் ஒன்றோடொன்று பொருந்தும். வேகத்தையும் சுருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, லெப்டொப்புக்கு வெளியே ஒரு வட்டில் பிரதி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.