ஒரு அனிமேட்டர் சம்பளத்தில் 30,000 டாலர் அரசு தந்தது: மாண்ட்ரியல் கதை

வணக்கம் மக்களே. நேற்று ராத்திரி, அசாசின்ஸ் கிரீட் வீடியோ கேமின் முதல் பாகத்தை மறுபடியும் ஆடி முடித்தேன். முடிந்ததும் பெயர்கள் ஓடும் இல்லையா, அதைத் தள்ளிவிடாமல் உட்கார்ந்து பார்த்தேன். எத்தனை பெயர்கள்! 2007-ல் வந்த அந்த கேமைச் செய்தது யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு கேம் கம்பெனியின் மாண்ட்ரியல் ஸ்டுடியோ. கனடாவில், கியூபெக் மாகாணத்தில், பனி கொட்டுகிற, பிரெஞ்சு பேசுகிற ஊர். இத்தனை பேர் அங்கே எப்படிச் சேர்ந்தார்கள் என்ற கேள்வி ரொம்ப நாளாக என்னைக் குடைகிறது. இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன். வரி, பட்ஜெட் என்றெல்லாம் வரும். ஓடிவிடாதீர்கள், கதை நன்றாக இருக்கும்.

தொண்ணூறுகளில் மாண்ட்ரியலில் துணி ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன, வேலையில்லாத் திண்டாட்டம். அப்போது சில்வான் வோஜுவா என்று ஒருவர், அரசுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கிறவர், ஒரு திட்டம் போட்டார். மல்டிமீடியா கம்பெனி ஒரு ஆளை வேலைக்கு எடுத்தால், அந்த ஆளுக்கு வருஷம் 25,000 கனடா டாலர் அரசு கொடுக்கட்டும் என்றார். அரசு அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. நேராக பிரான்சில் இருந்த யூபிசாஃப்டிடம் போய், வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார்! அவர்கள் வந்து பார்த்தால் அப்படி ஒரு திட்டமே அமலில் இல்லை. அப்புறம் பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்குக்கு அவர்கள் போய்விடலாம் என்ற பேச்சு பத்திரிகைகளில் வந்ததும், கியூபெக் நிதியமைச்சர் பெர்னார் லாண்ட்ரி இறங்கி வந்தார். 500 வேலைகள், ஐந்து வருஷம், ஆளுக்கு வருஷம் 25,000. அதில் 15,000 கியூபெக், 10,000 மத்திய அரசு. 1997-ல் ஸ்டுடியோ திறந்தது. இடம், மைல் எண்ட் பகுதியில் ஒரு பழைய துணித் தொழிற்சாலைக் கட்டிடம். தையல் மெஷின் ஓடின தளத்தில் கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அந்த மானியம் ஐந்து வருஷக் கணக்கு. நிலைத்து நின்றது வேறொன்று: 1996-ல் கியூபெக் கொண்டுவந்த மல்டிமீடியா வரிச்சலுகை. இதோ, காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன் பாருங்கள். பல வருஷம் இருந்த விகிதம், ஆட்களின் சம்பளத்தில் 37.5%. கேம் உருவங்களை அசைய வைக்கிற ஒரு அனிமேட்டருக்கு வருஷச் சம்பளம் 80,000 டாலர் என்றால், 30,000 டாலரை அரசு கம்பெனிக்குத் தந்தது. வரி கட்ட வேண்டியிருந்தால் அதில் கழிந்தது. கட்ட வேண்டிய வரியே இல்லையென்றால்? பணமாகவே கைக்கு வந்தது.

இந்தக் கடைசி வரிதான் விஷயமே. ஒரு கேம் செய்ய மூன்று வருஷம், நான்கு வருஷம் ஆகும். வெளியாகும் வரை பல ஸ்டுடியோக்களுக்கு லாபம் கிடையாது, லாபம் இல்லாவிட்டால் வரியும் கிடையாது. அந்த நிலையில் இருப்பவரிடம் "உனக்கு வரியில் தள்ளுபடி" என்றால் அவர் என்ன செய்வார்? பசித்தவனுக்குச் சாப்பாட்டுச் சீட்டு, ஆனால் ஹோட்டல் திறக்க நான்கு வருஷம் ஆகும் என்கிற மாதிரி. பணமாகத் தந்தால்தான் அடுத்த மாதச் சம்பளம் போட முடியும்.

சரி, அந்த 37.5-க்குள் ஒன்று ஒளிந்திருந்தது. கேம் பிரெஞ்சிலும் வெளியானால்தான் முழு 37.5. பிரெஞ்சு இல்லையென்றால் 30. அதாவது அந்த மொழிக்கு மட்டும் 7.5%! நம்ம அனிமேட்டர் கணக்கில் அது 6,000 டாலர். 200 பேர் வேலை செய்கிற ஸ்டுடியோவுக்கு வருஷம் 12 லட்சம் டாலர். சுற்றிலும் ஆங்கிலக் கடல், நடுவில் தன் மொழியைக் காப்பாற்ற 1977-லேயே சட்டம் போட்ட மாகாணம் அது. கேமிலும் எங்கள் மொழி இருக்கட்டும், அதற்கான செலவில் பங்கு தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. மொழிப்பற்று மேடையோடு நிற்காமல் பட்ஜெட்டில் ஒரு எண்ணாக இருக்கிறது.

எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். பணத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுக்காரர்களின் கம்பெனிகளுக்குப் போகிறது. பெரிய ஸ்டுடியோ கூடுதல் சம்பளம் கொடுத்து ஆட்களை இழுத்தால் உள்ளூர்ச் சின்னக் கம்பெனி திணறும். பக்கத்து ஒன்டாரியோ 40% தருகிறது, அப்புறம் இது ஏலம் மாதிரி ஆகிவிடுகிறது. 2014-ல் கியூபெக் அரசு சலுகையை ஐந்தில் ஒரு பங்கு வெட்டியது, மறு வருஷமே திருப்பிக் கொடுத்தது. பிடித்த கையை விட முடியவில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யூபிசாஃப்டில் வேலை கற்ற சிலர் வெளியே வந்து ரெட் பாரல்ஸ் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கி, 2013-ல் அவுட்லாஸ்ட் என்ற பயமுறுத்தும் கேமைச் செய்தார்கள். ராத்திரி தனியாக ஆடாதீர்கள், சொல்லிவிட்டேன். டெட் பை டேலைட் கேமைச் செய்த பிஹேவியர், மாண்ட்ரியலில் இருக்கிற உள்ளூர்க் கம்பெனி. கைத்தொழில் தெரிந்த ஆட்கள் ஒரு ஊரில் சேர்ந்துவிட்டால், அது மானியத்தோடு முடிவதில்லை என்று நான் நினைக்கிறேன்.

அதற்கான சோதனை இப்போது நடக்கிறது. 2024 மார்ச் பட்ஜெட்டில் கணக்கை மாற்றினார்கள். ஒவ்வொருவர் சம்பளத்திலும் முதல் சுமார் 18,000 டாலருக்குச் சலுகை கிடையாது. பணமாகக் கிடைக்கிற பங்கு 37.5-லிருந்து படிப்படியாக இறங்கி 2028-ல் 27.5 ஆகும், மீதி 10 வரி கட்டுகிறவருக்கு மட்டும். அதே அனிமேட்டருக்குக் கையில் வருவது 30,000-லிருந்து சுமார் 17,000 ஆகிறது. லாபம் பார்க்கிற பெரிய கம்பெனி இதைத் தாங்கும். முதல் கேமில் இருக்கிற நாலு பேர் ஸ்டுடியோவை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அவர்களுக்காவது பழைய விகிதத்தை விட்டுவைத்திருக்கலாம்.

இன்று காலை அந்த கேமை மறுபடி திறந்து மொழித் தேர்வுப் பக்கத்துக்குப் போனேன். பிரெஞ்சை அழுத்தினேன். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் அரை மணி நேரம் ஆடினேன்.