கோப்பை வென்றும் மேலே ஏறாத வங்கி அணி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோருக்கு வணக்கம். தென்கொரியாவின் கோயாங் நகர கூக்மின் வங்கிக் கால்பந்து அணி 2012-ஓடு காணாமல் போனதற்குக் காரணம் வங்கியா, லீக் அமைப்பா? இதுதான் தலைப்பு. நான் அமைப்பின் மேல்தான் குற்றம் சாட்டப் போகிறேன்.

எதிரணித் தலைவர் வங்கியைத் துரோகி என்றார். அந்தத் துரோகியின் கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம். அணி தொடங்கியது 1969-இல். 1997-இல் ஐ.எம்.எஃப். நெருக்கடி, அதாவது நாடு பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்ட பொருளாதாரச் சரிவு, வந்தபோது கலைத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2000-இல் திரும்பக் கட்டியதும் அதே வங்கிதான்! கைகழுவ நினைப்பவன் கலைத்ததை ஏன் ஐயா மறுபடி கட்டுகிறான்? 2003, 2004, 2006 என்று மூன்று முறை லீக் பட்டம். 2006, 2008 இரண்டு ஆண்டும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. முதல் பிரிவு அணிகளும் ஆடும் கோப்பை அது.

இப்போது 2006-க்கு வருவோம். கூக்மின் ஆடிய நேஷனல் லீக்கில் பட்டம் வெல்லும் அணி மேலே முதல் பிரிவான கே லீக்குக்குப் போகலாம் என்று விதி. இறுதியில் ஹல்லேலூயா அணியை வீழ்த்தி கூக்மின் வென்றது. பிறகு 'வரமாட்டோம்' என்றது. தண்டனையாக மறு சீசனில் புள்ளிகளை வெட்டினார்கள்.

ஏன் வரவில்லை? அந்த ஆட்டக்காரர்கள் நிறுவன அணிக்காரர்கள். செலவெல்லாம் வங்கியின் பணம். கே லீக்குக்குப் போக வேண்டுமானால் கிளப்பைத் தனி நிறுவனமாகப் பதிய வேண்டும், எல்லோரையும் தொழில்முறை ஒப்பந்தத்துக்கு மாற்ற வேண்டும், சேர்க்கைக் கட்டணமும் வளர்ச்சி நிதியும் கட்ட வேண்டும். டிக்கெட் விற்று லாபம் பார்க்கும் கம்பெனி என்றாலே, வங்கிகள் வேறு வணிகம் நடத்துவதைக் கட்டுப்படுத்தும் கொரியச் சட்டம் குறுக்கே வரும். வங்கி சொன்ன காரணம் அதுதான். இத்தனையையும் மார்ச்சில் சீசன் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டுமாம்! 'முன்பே தெரியாதா' என்று கேட்பீர்கள். வங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் வங்கி அணி ஒன்று லீக்கில் ஆடுகிறது என்பது விதி எழுதியவருக்கும் தெரியாதா?

அந்த விதியையே பாருங்கள். மேலே ஏற வழி உண்டு, கீழே இறங்க வழி கிடையாது. அன்றைக்கு கே லீக்கில் 14 அணி. ஒன்று ஏறினால் 15. ஒற்றைப்படை, ஆகவே வாரத்துக்கு ஏழு ஆட்டம், ஓர் அணிக்குச் சும்மா ஓய்வு. அடுத்த ஆண்டும் ஒன்று ஏறினால் 16. இப்படியே ஏற்றிக்கொண்டே போவதா? ஏறி இறங்கும் முறை 2013-இல்தான் ஒழுங்காக வந்தது.

2007-இலும் கதை அதேதான். இறுதியில் உல்சான் ஹியூண்டாய் மீபோ கப்பல் கட்டும் நிறுவன அணியும் சுவோன் சிட்டியும் மோதின. முதல் ஆட்டத்தில் சுவோனின் ஐந்து பேருக்குச் சிவப்பு அட்டை. பதினொன்றில் ஐந்து போனால் ஆறு. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் நடக்காது. ஆட்டம் பாதியில் நின்று, சுவோனுக்குத் தோல்வி! இவ்வளவு ரகளைக்குப் பிறகு பட்டம் வென்ற மீபோவும் மேலே வர மறுத்தது. அதே ஊரில், அதே ஹியூண்டாய் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு கே லீக் அணி இருந்தது. இரண்டாவதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

'2012-இல், கே லீக்கின் புதிய இரண்டாம் பிரிவுக்கு அழைத்தபோதும் வங்கி வரவில்லையே' என்று எதிரணி கடைசி அம்பை விட்டது. உண்மைதான். ஆனால் ஆட்டக்காரர்கள் பலரும் பயிற்சியாளர் லீ வூ-ஹியோங்கும் எங்கே போனார்கள்? 2013-இல் பிறந்த எஃப்.சி. அன்யாங்குக்கு. அது நகராட்சி பின்னால் நிற்கும் கிளப். கால்கள் அதே கால்கள், மூளை அதே மூளை. மாறியது பதிவுப் பத்திரம் மட்டும்! அந்த அன்யாங் 2024-இல் இரண்டாம் பிரிவை வென்று, 2025-இல் முதல் பிரிவில் ஆடியது.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: வங்கிதான் துரோகி என்றால், மறுவருடமே கப்பல் கம்பெனியும் ஏன் அதே பதிலைச் சொன்னது?