மூணு காருக்கு வாக்கி டாக்கி: வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

[காட்சி: திம்பம் மலைப்பாதை, இறங்கும் மூன்று கார்கள்]

வணக்கம். போன பங்குனியில் பெங்களூரு அல்சூரிலிருந்து பண்ணாரி அம்மன் கோவிலுக்கு மூன்று காரில் போனோம். ஆசனூர் தாண்டியதும் எங்கள் யார் போனிலும் டவர் இல்லை. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. கடைசி காரில் குழந்தை வாந்தி எடுக்க, அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அது தெரியாமல் நாங்கள் அடிவாரத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். அத்தை மலையையே பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

ஊர் திரும்பிய வாரமே வாக்கி டாக்கி செட் வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போனேன்.

[காட்சி: செட்டின் பின்பக்க லேபிள், நெருக்கத்தில்]

முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசை. இந்த மாதிரி கைச் செட்டுகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டாம். 2018-ல் வந்த விதி. மாடலுக்கு ஈ.டி.ஏ. சான்றிதழ், அதாவது அந்தக் கருவி வகைக்கு அரசு தரும் ஒப்புதல், இருக்கிறதா என்றும் கேளுங்கள். எந்த அலைவரிசைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய 5 வாட் செட்டுகளை விலை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள், லைசென்ஸ் இல்லாமல் பேசினால் குற்றம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வரும் ஜோடியும் இங்கே ஆகாது. அவை 462, 467 பக்கம் ஓடுபவை.

அடுத்து தூரம். அட்டைப்பெட்டியில் 10 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அது மலை உச்சிக்கு மலை உச்சி, நடுவில் எதுவும் மறைக்காதபோது. நம்முடையது அரை வாட். காரின் தகரக்கூடு வேறு அலையைத் தடுக்கும். காருக்குள்ளிருந்து ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே திருப்தி. செட்டை மடியில் வைக்காமல் கண்ணாடி ஓரம் நிமிர்த்திப் பிடித்தால் நன்றாகவே வித்தியாசம் தெரியும். மலையில் இரண்டு மூன்று வளைவுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

டோன் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் அதே சேனலில் மற்றவர் பேசுவது நம் காதில் விழாது. ஆனால் நாம் பேசுவதை அவர்கள் கேட்கலாம். அதனால் வீட்டு விஷயம் வேண்டாம்.

பேட்டரியில் எனக்குப் பிடித்தது யு.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஆவது. காரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

[காட்சி: பட்டனை அழுத்தும் விரல்]

பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்து, அப்புறம் பேசுங்கள். உடனே "லாரி வருது" என்றால் அந்தப் பக்கம் "வருது" மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அதனால் முடித்ததும் "ஓவர்" சொல்லிவிடுங்கள். செட் ஓட்டுநர் கையில் இருக்கவே கூடாது. பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் பேச வேண்டும்.

கிளம்பும் முன், வாசலிலேயே மூன்று செட்டிலும் ஒரே சேனல், ஒரே டோன் இருக்கிறதா என்று ஒருமுறை பேசிப் பாருங்கள். இந்த முறை எங்கள் கடைசி காரில் செட் அத்தை கையில்.