திட்டத்தைப் பார்த்தது யார்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2017 டிசம்பர் மாதம். ஒக்கிப் புயல் அடித்துச் சில நாள் ஆகியிருந்தது. எங்கள் கோயில் பங்கிலிருந்து நாலைந்து பேர் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம். மகன் கடலிலிருந்து திரும்பாத ஒரு வீட்டில் தாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பல வருடம் மறைக்கல்வி நடத்தியவன், வாய் சும்மா இருக்குமா? "அம்மா, எல்லாம் ஆண்டவருடைய திட்டம்" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் திட்டத்த சாரு பாத்தியளா?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை. பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல் கேட்டார்.

பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல் அடுத்தவர் வீட்டில் போய்ச் சொல்வதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லை.

சரி, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான குளச்சலுக்கு வருவோம். என்னைத் தெரிந்தவர்கள் இப்போது சிரிப்பார்கள், எங்கே தொடங்கினாலும் நான் குளச்சலுக்குத்தான் வருவேன். 1741இல் டச்சுக்காரர்கள் அங்கே திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் படையிடம் தோற்றார்கள். அவர்களுக்கு வேண்டியது நம் மிளகு. தோற்றுக் கைதியானவர்களில் ஒருவர் டி லனாய், கத்தோலிக்கர். ராஜா அவரைக் கொல்லவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். எந்த ராஜ்யத்தோடு சண்டைபோட வந்தாரோ அதற்கே கடைசிவரை வேலை பார்த்து, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கோட்டைக்குப் போனால் அந்தக் கல்லறையைப் பாருங்கள். பிள்ளைகள் மானைப் பார்க்க ஓடுவார்கள், ஓடட்டும்.

அந்த டி லனாயிடம் பழகியவர்தான் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரண்மனை அலுவலர். வீட்டில் மாடுகள் செத்தன, பயிர் அழிந்தது, மனிதர் உடைந்து போயிருந்தார் என்று சொல்வார்கள். டி லனாய் அவருக்கு, விவிலியத்தில் தவறு எதுவும் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். மிளகுக்காகக் கப்பலேறி வந்தவர் வாயிலிருந்து யோபு! 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்துக்கொண்டார்.

டச்சுக்காரர்கள் ஜெயித்திருந்தால் தேவசகாயம் ஏது என்று நான் முன்பெல்லாம் உற்சாகமாகச் சொல்வேன். இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். குளச்சல் மணலில் இரண்டு பக்கமும் செத்தவர்களின் அம்மாக்களிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்ல முடியுமா? கடவுள் விரும்புவது வேறு, அனுமதிப்பது வேறு என்று நம் திருச்சபை கவனமாகப் பிரித்துத்தான் பேசுகிறது. நாம்தான் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம்.

யோபு புத்தகத்தையே எடுத்துப் பாருங்கள், 42 அதிகாரம். ஏன் இப்படி ஆனது என்று யோபு கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் ஆண்டவர் பேசுகிறார், ஆனால் காரணம் சொல்வதில்லை. பூமிக்கு நான் அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார். பார்க்க வந்த நண்பர்களோ முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேசத் தொடங்கினார்கள், எல்லாம் கெட்டது. நான் அந்த வாசற்படியில் ஏழு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் அந்த அம்மா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து யாரோ கட்டஞ்சாயா கொண்டு வந்தார்கள். குடித்தோம், அவ்வளவுதான்.

தேவசகாயத்துக்கும் காரணம் யாரும் சொல்லவில்லை. 1749இல் ராஜாவின் ஆட்கள் பிடித்தார்கள், மூன்று வருடம் அடித்தார்கள், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். புனிதர் பட்டம் 2022இல்! நடுவில் 270 வருடம். மலையில் நின்ற மனிதருக்கு, கோட்டாறில் வரப்போகும் கல்லறையும் தெரியாது, ரோமில் வரப்போகும் பட்டமும் தெரியாது. "உமது திருவுளம் நிறைவேறுக" என்று நாம் தினமும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த ஒரு வரிதான் அவர் கையில் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். ஃபூக்கோவைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன். தேவசகாயத்தோடு அதே நாளில் புனிதர் பட்டம் பெற்ற பிரெஞ்சுக் குருவானவர் சார்ல்ஸ் தெ ஃபூக்கோ. 1916இல் சகாராவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சபை தொடங்க ஆசைப்பட்டார், உயிரோடு இருந்தவரை அதில் நிலைத்து நிற்க ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை. 'தந்தையே, என்னை உம் கைகளில் ஒப்படைக்கிறேன்' என்று தொடங்கும் செபம் அவருடையதுதான். அதை முழுதாகச் சொல்லி முடிக்கலாம் என்று எழுதியும் கொண்டு வந்தேன், தாள் கையில் இருக்கிறது, நேரம்தான் இல்லை. வணக்கம்.