சாட் தேர்வை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள்

(அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பும் பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊரில் தேர்வு என்றால் கூடவே கட்-ஆஃப் வரும். மதிப்பெண், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, இடம். நீட், ஜேஇஇ எல்லாம் இந்த வழிதான். அதே கண்ணோடு அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் (SAT) தேர்வையும் பார்க்கிறோம். 1600-க்கு 1550 வாங்கினால் இந்தக் கல்லூரி, 1450 வாங்கினால் அந்தக் கல்லூரி என்று வீட்டிலேயே பட்டியல் போட்டுவிடுகிறோம். அங்கே அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பள்ளியில் வாங்கிய மதிப்பெண்கள், ஆசிரியர்கள் தரும் பரிந்துரைக் கடிதங்கள், நீங்களே எழுதும் கட்டுரைகள், பள்ளிக்கு வெளியே செய்த வேலைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்துப் படிக்கிறார்கள். அந்தக் கோப்பில் சாட் மதிப்பெண் ஒரு வரி. முக்கியமான வரிதான், ஆனால் ஒரு வரி.

அதனால்தான் சொல்கிறேன்: சாட் தேர்வைப் பிளஸ் டூ ஆகஸ்டோடு முடித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை கட்டுரைக்கும் பள்ளிப் பாடத்துக்கும் விட்டுவிடுங்கள். டிசம்பர் வரை சாட் வகுப்புக்கு ஓடிக்கொண்டே இருந்து, கட்டுரையைக் கடைசி இரண்டு இரவில் எழுதி அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. மூன்று வருட உழைப்பு அந்த இரண்டு இரவில் வீணாகிறது.

முதலில், இந்தத் தேர்வு உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சாட் கட்டாயமில்லை என்று அறிவித்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எம்ஐடி 2022 மார்ச்சிலேயே மீண்டும் கட்டாயமாக்கியது. 2024-ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவையும் கட்டாயம் என்று அறிவித்தன. யேல் கொஞ்சம் தளர்த்தி, சாட், அதைப் போன்ற இன்னொரு நுழைவுத் தேர்வான ஏசிடி, கல்லூரி அளவிலான பாடத் தேர்வான ஏபி, சர்வதேசப் பாடத்திட்டமான ஐபியின் தேர்வு இவற்றில் எதைக் கொடுத்தாலும் சரி என்றது. இதற்கு நேர் எதிர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் உட்பட அதன் எந்த வளாகமும் சேர்க்கை முடிவுக்குச் சாட் மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. உங்கள் பட்டியல் முழுக்க அந்த வளாகங்கள்தான் என்றால் சாட் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆகவே கல்லூரிப் பட்டியல் முதலில், தேர்வு அதற்குப் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நடுவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'விருப்பம் இருந்தால் அனுப்பலாம்' என்று சொல்லும் கல்லூரிகள். இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். டார்ட்மத் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்ததற்கான காரணத்தைக் கவனியுங்கள். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள் பலர், தங்கள் மதிப்பெண் போதாது என்று நினைத்து அனுப்பாமலே விட்டிருக்கிறார்கள். அனுப்பியிருந்தால் அது அவர்களுக்கு உதவியிருக்கும் என்று அந்தக் கல்லூரியின் ஆய்விலேயே தெரியவந்தது. ஏனென்றால் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. எந்தப் பள்ளியிலிருந்து, எந்தச் சூழலிலிருந்து வந்தது என்று சேர்த்துப் பார்க்கிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய சர்வதேசப் பள்ளிகளின் பெயர் அங்குள்ள சேர்க்கை அலுவலர்களுக்குத் தெரிந்திருக்கும். பரமக்குடியிலோ அரியலூரிலோ உள்ள பள்ளியின் 580 மதிப்பெண் எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் உங்களுக்காகப் பேசுவது சாட் மதிப்பெண்தான். சிறு ஊர்ப் பிள்ளைகள் 'விருப்பம்' என்ற சொல்லைக் கேட்டுத் தேர்வைக் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நாட்காட்டி. சாட் வருடத்துக்குப் பல முறை, சனிக்கிழமைகளில் நடக்கிறது. மார்ச் நமக்கு ஆகாது, பள்ளித் தேர்வு நேரம். பிளஸ் ஒன் முடிந்த விடுமுறையில் வரும் மே அல்லது ஜூன் தேர்வை முதல் முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் ஆகஸ்டில் இரண்டாவது. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே சாட் வேலை முடிந்துவிடும். பல கல்லூரிகளுக்கு முன்கூட்டிய விண்ணப்பத்தின் கடைசி நாள் நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி முதல் வாரம். அக்டோபர் தேர்வு அவசரத்துக்கு மட்டும். டிசம்பர் தேர்வு அரையாண்டுத் தேர்வின் மேலேயே வந்து விழும்.

இரண்டு முறை எழுதினால் போதும் என்று ஏன் சொல்கிறேன்? பல கல்லூரிகள் இரண்டு தேர்வுகளிலும் பகுதிவாரியாக எது அதிகமோ அதை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன. மே மாதத்தில் கணக்கு நன்றாக வந்து ஆங்கிலம் இறங்கியிருந்தால், ஆகஸ்டில் ஆங்கிலத்தில் மட்டும் மனதைச் செலுத்தலாம். ஒரு முறை எழுதவே நூறு டாலரைத் தாண்டுகிறது. வசதியற்ற அமெரிக்க மாணவர்களுக்குக் கிடைக்கும் கட்டண விலக்கு இங்கே எழுதும் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. நான்கு முறை, ஐந்து முறை எழுதச் சொல்லும் பயிற்சி மையங்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

தேர்வு எப்படி இருக்கும்? 2023 மார்ச்சிலிருந்து அமெரிக்காவுக்கு வெளியே முழுக்கக் கணினியில்தான். அதற்கு முந்தைய தாள் தேர்வுப் புத்தகங்களை யாராவது கொடுத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மொத்தம் 2 மணி 14 நிமிடம். ஆங்கில வாசிப்பும் எழுத்தும் 54 கேள்வி, கணக்கு 44 கேள்வி. ஒவ்வொரு பகுதியும் இரண்டு பாதி. முதல் பாதியை நீங்கள் எப்படிச் செய்கிறீர்களோ அதைப் பொறுத்து இரண்டாம் பாதி கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிதான பாதி வந்துவிட்டால் உச்ச மதிப்பெண்ணுக்குப் போக முடியாது. எனவே முதல் பாதியில் அவசரம் கூடாது.

நீட், ஜேஇஇ பயிற்சியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். தெரியாத கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு வரும் பழக்கம் உங்கள் கையில் ஊறியிருக்கிறது. இங்கே ஒரு கேள்வியைக்கூட விடாதீர்கள். இன்னொன்று, நம் பள்ளித் தேர்வுகளில் கால்குலேட்டர் கிடையாது. இங்கே கணக்குப் பகுதி முழுவதும் திரையிலேயே டெஸ்மாஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது. இரண்டு சமன்பாடுகளை உள்ளே போட்டால் அவை வெட்டும் புள்ளியைக் காட்டிவிடும். அதைப் பழகாமல் போகிறவர்கள் நேரத்தை இழக்கிறார்கள். பாடம் கடினமில்லை, நுண்கணிதம் கிடையாது, பத்தாம் வகுப்பையும் பிளஸ் ஒன்னையும் ஒழுங்காகப் படித்திருந்தால் பெரும்பகுதி தெரிந்ததே.

ஆங்கிலம் அப்படியல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிறு பத்தி: இலக்கியம், வரலாறு, அறிவியல் என்று மாறி மாறி வரும். ஆசிரியர் எதை வாதிடுகிறார், இந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். இரண்டு மாதப் பயிற்சியில் இது வராது. தினமும் அரை மணி நேரம் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையோ அறிவியல் கட்டுரையையோ நிதானமாகப் படியுங்கள். கணக்கைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, இதை இன்றே தொடங்குங்கள்.

பயிற்சிக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. தேர்வு நடக்கும் புளூபுக் செயலியிலேயே முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். கான் அகாடமி இணையதளத்தில் பாடங்களும் இலவசம். தேர்வை லேப்டாப்பிலோ டேப்லெட்டிலோதான் எழுத முடியும், செல்போனில் முடியாது. வீட்டில் அந்த வசதி இல்லாதவர்கள் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிடமே இரவல் கேட்கலாம். ஆனால் தேர்வுக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒதுங்கிப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

ஆங்கிலத் தகுதித் தேர்வு பற்றிச் சுருக்கமாக. ஐஇஎல்டிஎஸ், டோஃபல், டுவோலிங்கோ மூன்றில் ஒன்று போதும். உங்கள் கல்லூரிகள் எல்லாம் ஏற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுக்குமே ஆயுள் இரண்டு வருடம், எனவே பிளஸ் டூ தொடக்கத்தில் எழுதினால் சரியாக இருக்கும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு, சில இடங்களில் இல்லை. டோஃபல் 2026 ஜனவரியில் வடிவமே மாறி, 1 முதல் 6 வரை மதிப்பெண் தருகிறது.

கடைசியாகப் பெயர். சிறிய விஷயம் என்று நினைக்கிறீர்கள், பெரிய தலைவலி. நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக இருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். தேர்வுப் பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். அப்புறம் அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது தொடரும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் இந்த மாதமே விண்ணப்பியுங்கள், இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். சாட், ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் கொடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். பெயர் விஷயத்தில் சந்தேகம் உள்ளவர்கள் பாஸ்போர்ட் நகலோடு முதலில் வாருங்கள்.