ஃபிளாஜெலேட்: யூக்ளினாவுக்குச் சாட்டை கொடுத்தது யார்?

(திரையில்: யூக்ளினாவின் படம்)

இதைப் பள்ளியில் எல்லோரும் வரைந்திருப்போம். முன்னால் நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதற்குக் கோடு இழுத்து, 'கசையிழை' என்று எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். கசை என்றால் சாட்டை. குளத்து நீரில் சும்மா கிடக்கும் உயிருக்கு எதற்குச் சாட்டை?

எல்லாம் ரோமானியர்களின் வேலை. லத்தீனில் ஃபிளாக்ரம் என்றால் சாட்டை, ஃபிளாஜெல்லம் என்றால் குட்டிச் சாட்டை. அதிலிருந்து வந்த ஆங்கில வினைச்சொல்தான் ஃபிளாஜெலேட்: கசையால் அடிப்பது.

(திரையில்: 1349, ஐரோப்பிய நகரச் சதுக்கம்)

கொள்ளைநோய் ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன சமயம். கடவுளின் கோபம் தணியட்டும் என்று ஒரு கூட்டம் தங்களைத் தாங்களே அடித்துக்கொண்டு ஊர்வலம் போனது. கையில் ஒரு கோல், அதில் மூன்று வார், வாரில் முடிச்சு, முடிச்சுக்குள் ஊசி போன்ற இரும்பு முள். இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்குக்காக முப்பத்து மூன்றரை நாள் இப்படியே நடந்தார்கள். அவர்களுக்குப் பெயர் ஃபிளாஜெலன்ட்ஸ். அந்த அக்டோபரிலேயே போப் ஆறாம் கிளமென்ட் இதற்குத் தடை போட்டுவிட்டார்.

சரி, இன்று இதை எங்கே பயன்படுத்துவது? குதிரையைச் சாட்டையால் அடித்தான் என்று சொல்ல 'விப்' போதும். ஃபிளாஜெலேட் போட்டால் பந்தா காட்டுவது போல இருக்கும். 'செல்ஃப்' சேர்ந்தால்தான் இந்தச் சொல்லுக்கு மவுசு. கேட்சை விட்டவர் ஒரு வாரமாகத் தன்னையே நொந்துகொண்டிருந்தால், அது செல்ஃப் ஃபிளாஜெலேஷன். ரத்தம் வராது, அவ்வளவுதான்.

பெயர்ச்சொல்லானால் பொருளே வேறு: கசையிழை உள்ள ஒற்றைச்செல் உயிர். நம் யூக்ளினா ஒரு ஃபிளாஜெலேட்தான். அப்போது கடைசி எழுத்துகளை 'லேட்' என்று நீட்டாமல், 'லிட்' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

(திரையில்: நுண்ணோக்கியில் பாக்டீரியா)

யூக்ளினாவின் இழையாவது சாட்டை போல வளைந்து வீசும். பாக்டீரியாவின் இழைக்கும் அதே பெயரை வைத்ததுதான் வேடிக்கை. 1974இல் சில்வர்மேன், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த இழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். இழை அசைய முடியவில்லை. பதிலுக்கு பாக்டீரியாவின் உடம்பு பம்பரமாகச் சுற்றியது! இழையின் அடியில் இருப்பது ஒரு குட்டி மோட்டார். அது வீசவில்லை, சுழல்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் அது இன்னும் ஃபிளாஜெல்லம்தான், தமிழில் கசையிழைதான்.