பழைய டீசல் இன்ஜின்ல செராமிக் கோட்டிங் போட்டா பவர் ஏறுமா?

வணக்கம் மக்களே! பிஸ்டன்ல செராமிக் கோட்டிங் போட்டுட்டு டீசல் பம்ப்பை ஏத்தி விட்டா பவர் வருமான்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, இன்னைக்கு அதைப் பேசிடுவோம்.

மெக்கானிக்கல் பம்ப் இருக்கிற பழைய டீசல்ல பவர் ஏத்துறது ஈஸிதாங்க, டீசல் அளவைக் கூட்டினா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும், ஆனா அதுக்கேத்த காத்து உள்ள வரலைன்னா எரியாத டீசல் கரும்புகையா வெளிய தள்ளும், சூடு எகிறும். அலுமினியம் உருகுறது 660 டிகிரியில, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே பலம் போயிடும். ப்ரீசேம்பர் இன்ஜின்ல, அதாவது டீசல் முதல்ல தனியா ஒரு சின்ன அறையில எரிய ஆரம்பிக்கிற இன்ஜின்ல, நெருப்பு சின்ன ஓட்டை வழியா பீய்ச்சி ஒரே இடத்துல அடிக்குது பாருங்க, ஓவரா ஏத்தின இன்ஜினைப் பிரிச்சா பிஸ்டன் தலையில அந்த இடத்துலதான் முதல்ல அரிப்பும் மெல்லிசா வெடிப்பும் தெரியும்.

ஸிர்கோனியாங்கிற செராமிக்ல போடுற கோட்டிங் அந்த சூட்டைப் பிஸ்டனுக்குள்ள இறங்கவிடாம தடுக்கும், அது நிஜம். பிரச்சனை என்னன்னா சூடானா அலுமினியம் விரியுற அளவுல கிட்டத்தட்ட பாதிதான் ஸிர்கோனியா விரியும், அதனால நடுவுல ரெண்டையும் பிடிச்சு ஒட்ட வைக்கிற நிக்கல் கலந்த பாண்ட் கோட் ஒண்ணு ஒழுங்கா போடலைன்னா உரிஞ்சு வந்துடும், உரிஞ்ச துணுக்கு பிஸ்டன் ரிங்குல மாட்டினா சிலிண்டர் உள்சுவர் முழுக்க கீறல்தான். 1980கள்ல அமெரிக்க ராணுவமும் கம்மின்ஸும் சேர்ந்து ரேடியேட்டரே இல்லாத செராமிக் டீசல் வரைக்கும் போய்ப் பார்த்தாங்க, ஆனா சிலிண்டர் சுவரு சூடா இருந்தா உள்ள வர்ற காத்தும் சூடாகி விரிஞ்சிடும், ஆயிலும் கருகும்.

பென்ஸ் ஓஎம்617 ரூட்டே வேற, எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்ஜின் அது. 3 லிட்டர், 5 சிலிண்டர், டர்போ இல்லாம 80 குதிரைத்திறன். அதையே காத்தை அழுத்தி உள்ள தள்ளுற டர்போ, அந்தக் காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் போட்டு 190 ஆக்கி சி111ங்கிற பென்ஸ் சோதனைக் கார்ல வச்சு, 1976ல இத்தாலி நார்டோ ட்ராக்ல 60 மணி நேரம் சராசரி 252 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினாங்க! அப்புறம் விற்பனைக்கு வந்த டர்போ மாடல்லயும் பிஸ்டனுக்கு அடியில ஆயில் அடிச்சுக் குளிர வச்சாங்க, எக்ஸாஸ்ட் வால்வுக்குள்ள சோடியம் நிரப்பினாங்க. சூட்டை அடைச்சு வைக்கல, வெளிய கடத்தினாங்க.

அதனால கோட்டிங்கைக் கடைசியா வச்சுக்கங்க. முதல்ல இன்டர்கூலர், ஆயில் ஜெட், கூடவே எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் மீட்டர், அதோட சென்சாரை டர்போவுக்கு முன்னாடி, சிலிண்டர்கள்ல இருந்து புகை வந்து சேர்ற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுலயே மாட்டுங்க, டர்போவைத் தாண்டி மாட்டினா லோடுல சூட்டைக் குறைச்சுத்தான் காட்டும்.